ரத்தம் வருதேன்னு பிரஷ்ஷை நிறுத்தாதீங்க

இன்னைக்குப் பேசப்போறது பல்லைப் பத்தி இல்லை, பல்லைப் பிடிச்சு நிறுத்தியிருக்கிற ஈறைப் பத்தி. பல் சொத்தையானா வலிக்கும். ராத்திரி தூங்க விடாது. கிராம்பு வெச்சுப் பார்ப்போம், முடியலைன்னா மறுநாள் டாக்டரைத் தேடி ஓடுவோம். ஈறு அப்படியில்லை. வருஷக்கணக்கா கெட்டுப்போய்க்கிட்டே இருக்கும், பெரும்பாலும் வலியே தெரியாது. பல் ஆட ஆரம்பிச்ச பிறகுதான் நமக்கே விஷயம் தெரியும். அதனாலதான் இதை இருபதுகள்ல இருக்கிறவங்ககிட்ட சொல்லணும்னு நினைக்கிறேன். நாற்பதுல சொன்னா நிறைய பேருக்கு லேட்.

நான் ஈறு சிகிச்சையில் மேற்படிப்பு முடிச்ச பல் மருத்துவர். திருவள்ளூர் மாவட்டத்துல, முக்கியமா கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி பக்கம், தொழிலாளர்களுக்கான பல் பரிசோதனை முகாம்களுக்குப் போய்வர்றேன். சென்னையில் இருந்துக்கிட்டு கும்மிடிப்பூண்டின்னா சிலருக்கு லோக்கல் டிரெயின் போர்டுல பார்த்த பேரு மட்டும்தான். அங்க சிப்காட்ல இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிறவங்க இருக்காங்க, பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரிக்கிற யூனிட்ல நிக்கிறவங்க இருக்காங்க, பேக்கிங் லைன்ல நாள் முழுக்க நிக்கிற பெண்கள் இருக்காங்க. நம்ம ஊர் பசங்க பாதி, ஒடிஷா, பீகார்னு வெளியிலிருந்து வந்தவங்க பாதின்னு ஒரே லைன்ல கலந்து உட்கார்ந்திருப்பாங்க. முகாமுக்கு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க முப்பதைத் தாண்டாதவங்க.

அங்க நான் கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான். "பிரஷ் பண்ணும்போது ரத்தம் வருதா?"

"வரும் மேடம். அதனால அந்தப் பக்கம் பிரஷ் வைக்கிறதில்லை."

இந்தப் பதிலை எத்தனை முறை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவங்களும் இதையேதான் சொல்றாங்க, அதனால இது படிப்பு சம்பந்தப்பட்டது இல்லை. கையில் காயம் பட்டா அந்த இடத்தைத் தொடாம விடுவோம் இல்லையா, அதே நியாயத்தை ஈறுக்கும் போடுறோம். ஆனா ஈறு விஷயத்துல அது தலைகீழ். பிரஷ் பட்டதால் ரத்தம் வரலை. பிரஷ் படாம அங்க அழுக்கு சேர்ந்து, ஈறு வீங்கி, லேசா தொட்டாலே ரத்தம் வர்ற நிலைமைக்கு வந்திருக்கு. அதுக்கு மேலயும் பிரஷ்ஷை நிறுத்தினா என்ன ஆகும்?

இதை ஒருத்தர் நேராவே சோதிச்சுப் பார்த்திருக்கார். ஹாரல்ட் லோ, நார்வேக்காரர், டென்மார்க்ல ஆர்ஹூஸ் நகரத்துல பல் மருத்துவப் பேராசிரியரா இருந்தவர். 1965-ல் அவர் வெளியிட்ட ஆய்வுல இருந்தவங்க வெறும் 12 பேர். பெரும்பாலும் முதல் வருஷ பல் மருத்துவ மாணவர்கள், எல்லாருக்கும் நல்ல ஆரோக்கியமான ஈறு. அவங்ககிட்ட சொன்னது ஒரே விஷயம்: பல் தேய்க்கிறதை நிறுத்துங்க. 10 நாள்லேருந்து 21 நாளுக்குள்ள 12 பேருக்கும் ஈறு வீங்கிடுச்சு. ஒருத்தர்கூட தப்பிக்கலை. மறுபடி தேய்க்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் போல ஆச்சு, ஈறு பழைய நிலைமைக்குத் திரும்பிடுச்சு. மருந்து இல்லை, மாத்திரை இல்லை. மருத்துவத்துல இவ்வளவு சிம்பிளா, இவ்வளவு தெளிவா பதில் சொன்ன ஆய்வுகள் ரொம்பக் குறைவு.

அதுல என்ன நடக்குதுன்னு பார்ப்போம். நாக்கால பல்லைத் தடவிப் பாருங்க, சாயங்காலம் வழவழன்னு ஒரு பூச்சு மாதிரி இருக்கும். அதுக்குப் பேர் பிளாக். சாப்பாட்டு மிச்சம்னு நினைச்சுக்காதீங்க, அது உயிருள்ள பாக்டீரியாக்களோட குடியிருப்பு. வாய் கொப்பளிச்சா போகாது, ஏன்னா அது பசை மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கும். தேய்ச்சாத்தான் போகும். தேய்க்காம விட்டா எச்சில்ல இருக்கிற கால்சியம் அதுல படிஞ்சு கெட்டியாகிடும். அதைத்தான் நாம காரைங்கிறோம். கீழ் முன்பல்லோட உள்பக்கம் மஞ்சளா, சிமெண்ட் பூசின மாதிரி இருக்குமே, அதேதான். காரை ஆனபிறகு நீங்க எந்த பிரஷ் போட்டாலும் வராது.

ஈறு வெறுமனே வீங்கி ரத்தம் வர்ற வரைக்கும் முழுசா சரி பண்ணிடலாம். அந்த நிலைமைக்கு ஜிஞ்சிவைட்டிஸ்னு பேர். சில பேருக்கு அது அதோட நிக்காது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல இயல்பாவே ஒரு சின்ன இடைவெளி இருக்கும், 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம். சட்டைப் பை மாதிரி. அந்தப் பை ஆழமாகிட்டே போகும், 5, 6, 7 மில்லிமீட்டர்னு. உள்ள காற்று போகாத இடம், அங்க வேற வகை பாக்டீரியா குடியேறும். அதை எதிர்த்து நம்ம உடம்பு சண்டை போடும். அந்தச் சண்டையிலதான் பல்லைச் சுத்தியிருக்கிற எலும்பு கரையுது. எலும்பைக் கரைக்கிறது பாக்டீரியாவைவிட நம்ம உடம்போட எதிர்ப்புதான். வயலுக்குள்ள மாடு புகுந்துடுச்சுன்னு வரப்பையே வெட்டி விடுற மாதிரி. இது பெரியடான்டைட்டிஸ். பழைய போர்டுகள்ல 'பயோரியா'ன்னு எழுதியிருப்பாங்க. கரைஞ்ச எலும்பு தானா திரும்ப வளராது. அதனாலதான் இந்த ரெண்டு நிலைக்கும் நடுவுல இருக்கிற கோடு முக்கியம்.

இப்ப நீங்க கேப்பீங்க: "எங்க தாத்தா பிரஷ்ஷே பார்த்ததில்லை, 80 வயசுல பொங்கலுக்குக் கரும்பு கடிச்சார்." கண்டிப்பா கடிச்சிருப்பார். நான் நம்புறேன். அதுக்கும் ஒரு ஆய்வு இருக்கு, அதுவும் தமிழர்கள் சம்பந்தப்பட்டது.

அதே ஹாரல்ட் லோதான். ஈறு நோயை எந்த வைத்தியமும் பண்ணாம விட்டா மனுஷ ஆயுசுல அது எப்படிப் போகும்னு தெரிஞ்சுக்க, அவரும் அவரோட குழுவும் ரெண்டு கூட்டத்தைப் பார்த்தாங்க. 1969-ல் ஆரம்பிச்சு ஆஸ்லோவில் படிச்ச, ஒழுங்கா பல் வைத்தியம் கிடைச்ச ஆண்கள். 1970-ல் ஆரம்பிச்சு இலங்கை மலையகத்துல டன்சினன், ஹாரோங்கிற தேயிலைத் தோட்டங்களோட தொழிலாளர்கள், 480 ஆண்கள். 14 வயசுப் பையன்லேருந்து முப்பதை ஒட்டினவங்க வரைக்கும். நம்ம பக்கத்துலேருந்து போன நூற்றாண்டுக்கும் முன்னாடி கூலி வேலைக்குக் கப்பலேறிப் போனவங்களோட வாரிசுகள். அவங்களுக்கு பிரஷ் பண்ற பழக்கம் இல்லை, பல் டாக்டர்னு யாரையும் பார்த்ததில்லை. 15 வருஷம் திரும்பத் திரும்பப் போய் அவங்க வாயை அளந்தாங்க.

1986-ல் வந்த முடிவு இது. சுமார் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவுமே ஆகலை. 81 சதவீதம் பேருக்கு நோய் மெதுவா, நடுத்தர வேகத்துல போச்சு. மீதி 8 சதவீதம் பேருக்கு அது பாய்ஞ்சது. அந்த 8 சதவீதத்துக்கு 35 வயசுலயே சராசரியா 12 பல் போயிருந்தது, 40-ல் 20 பல், 45 வயசுல வாயில் பல்லே இல்லை. அந்த ஆட்களுக்குச் சொத்தைப் பல் கிட்டத்தட்ட கிடையாது. விழுந்தது அத்தனையும் ஓட்டை இல்லாத, முழுசான பல். பிடிச்சிருந்த எலும்பு போனதால விழுந்த பல்.

உங்க தாத்தா அந்த 11 சதவீதத்துல ஒருத்தரா இருந்திருக்கலாம். நீங்க எதுல இருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியாது, எனக்கும் பார்த்தாத்தான் ஓரளவு தெரியும்.

இந்த ஆய்வைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை. உலகத்துல எந்த நாட்டு பல் மருத்துவக் கல்லூரியிலும் ஈறு நோய் பாடத்துல இந்த எண்கள் வரும். நானும் அதை மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதியிருக்கேன். புத்தகத்துல 'இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்கள்'னு ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். 2010-ல் மறுபடி போய் தேடினப்ப அந்த 480 பேர்ல 75 பேரைப் பரிசோதிக்க முடிஞ்சது. 40 வருஷத்துல சிலருக்கு ஒரு பல்லும் போகலை, சிலருக்கு 28-ம் போயிருந்தது. அது 2017-ல் கட்டுரையா வந்தது. வைத்தியம் கிடைக்காம இருந்தவங்களாலதான் வைத்தியம் இல்லாட்டி என்ன ஆகும்னு உலகம் தெரிஞ்சுக்கிச்சு. எனக்கு இது எப்பவும் உறுத்தும். லயத்து வீட்டுல பல் விழுந்து கஞ்சி குடிச்ச மனுஷன் யாருன்னு நமக்குத் தெரியாது, அவரோட எலும்பு எத்தனை மில்லிமீட்டர் கரைஞ்சதுன்னு மட்டும் தெரியும்.

சரி, கும்மிடிப்பூண்டிக்கு வருவோம்.

ஒரு முகாம்ல ஒரு தம்பி வந்தார். 28 வயசு, ஐடிஐ ஃபிட்டர், கான்ட்ராக்ட்ல வேலை. வீட்டுல பொண்ணு பார்க்கிறாங்க. மேல் முன்பல் ரெண்டுக்கும் நடுவுல முன்னாடி இல்லாத சந்து விழுந்திருக்கு, போட்டோவில் அசிங்கமா தெரியுது, "ரெண்டையும் பிடுங்கிட்டு கட்டிக் குடுங்க மேடம்"னு கேட்டார். பல் ஏன் தள்ளிப்போச்சுன்னு அவர் யோசிக்கலை. யோசிக்கவும் தெரியாது, யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஆழம் அளக்கிற கருவியை வெச்சுப் பார்த்தா அந்தப் பல்லுகளைச் சுத்தி 7 மில்லிமீட்டர். பின்பக்கம் ஒரு கடவாய்ப் பல் ஆடுது. அவரோட அப்பாவுக்கும் 40-க்குள்ள பல்லெல்லாம் போயிடுச்சாம். அது ஒரு துப்பு. வேகமா போற வகை குடும்பத்துல ஓடும்.

அவர்கிட்ட நான் சொன்னது: பிடுங்க வேண்டாம், காப்பாத்தலாம், ஆனா நாலு தடவை வரணும். அவர் முகம் மாறிடுச்சு. ஒரு நாள் லீவுன்னா ஒரு நாள் சம்பளம் போச்சு. மாசத்துல ரெண்டு லீவு விழுந்தா அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு. நாலு தடவைன்னா கான்ட்ராக்டர் வேற ஆளைப் போட்டுடுவார். பல்லைப் பிடுங்குறது ஒரே நாள் வேலை. நாள் சம்பளக்காரருக்கு அந்தக் கணக்கு முட்டாள்தனமானது இல்லை. அந்த இடத்துல போய் "ஆரோக்கியம்தான் முக்கியம் தம்பி"ன்னு லெக்சர் அடிக்கிற டாக்டர்களைப் பார்த்தா எனக்குக் கோபம் வரும்.

ஈறுக்கு அடியில சுத்தம் பண்றதை வாயை நாலா பிரிச்சு, வாரத்துக்கு ஒரு பகுதின்னு பண்றது எங்க வழக்கம். அப்படித்தான் பண்ணணும்னு கட்டாயம் இல்லை. 1990-கள்ல பெல்ஜியத்துல லூவன் பல்கலைக்கழகத்துல முழு வாயையும் 24 மணி நேரத்துக்குள்ள முடிக்கிற முறையைக் கொண்டுவந்தாங்க. அதுக்கப்புறம் வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தா ரெண்டு முறைக்கும் பலன்ல பெரிய வித்தியாசம் இல்லை. அப்படின்னா எது நோயாளிக்கு வசதியோ அதைப் பண்ணலாம். அந்தத் தம்பிக்கு வார லீவு நாள்ல காலையில் ஒரு பக்கம், சாயங்காலம் ஒரு பக்கம்னு மரத்துப்போற ஊசி போட்டு முடிச்சோம். ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு வார லீவுல அளந்து பார்த்தோம். 7 இருந்த இடம் பெரும்பாலும் 4-க்கு வந்திருந்தது. அந்தக் கடவாய்ப் பல்லைக் காப்பாத்த முடியலை, எடுத்தோம். முன்பல் சந்து முழுசா மூடலை. ஆனா பல் அவரோட பல். அதனால, உங்களுக்கும் லீவு பிரச்சனைன்னா டாக்டர்கிட்ட நேரா கேளுங்க: "ஒரே நாள்ல, இல்லேன்னா ரெண்டு சிட்டிங்ல முடிக்க முடியுமா?" கேக்குறதுல தப்பே இல்லை.

இ.எஸ்.ஐ. பத்தியும் சொல்லிடறேன். மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்குச் சம்பளத்துல 0.75 சதவீதம் பிடிக்கிறாங்க, கம்பெனி 3.25 சதவீதம் போடுது. கான்ட்ராக்ட் ஆளுக்கும் இது உண்டு. பல பேர் இதைப் பிரசவத்துக்கும் விபத்துக்கும் மட்டும்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. உங்க டிஸ்பென்சரியில் போய், பல்லுக்கு எங்க அனுப்புவீங்கன்னு கேளுங்க. உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளத்துல 70 சதவீதம் குடுக்கிற வசதியும் அதுல இருக்கு. ஆனா பொதுவா முதல் ரெண்டு நாளுக்கு அது கிடைக்காது. ஒரு நாள் லீவு போட்டுப் பல்லைக் காட்டிட்டு வர்ற ஆளுக்கு அதனால பிரயோஜனம் இல்லை. இந்த ரூல் போட்டவங்க பல்லை நினைச்சுப் போடலை.

அடுத்தது புகையிலை. சிகரெட், பீடி குடிக்கிறவங்களுக்கு ஒரு மோசமான ஏமாற்று நடக்கும். நிகோடின் ஈறில் உள்ள சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிடும். அதனால உள்ள நோய் இருந்தாலும் ரத்தம் அவ்வளவா வராது. "எனக்கு ரத்தமே வர்றதில்லை மேடம்"னு பெருமையா சொல்வாங்க, எக்ஸ்ரே எடுத்தா எலும்பு பாதி இருக்காது. தீ பிடிச்ச வீட்டுல அலாரத்தைக் கழட்டி வெச்ச மாதிரி. ஹான்ஸ், கூல் லிப் மாதிரி உதட்டுக்குள்ள அடக்குறது வேற விதம். வைக்கிற இடத்துல மட்டும் ஈறு இறங்கி, பல்லோட வேர் வெளிய தெரியும், அந்த இடத்துல தோல் வெள்ளையா தடிச்சுப்போகும். அந்த வெள்ளைத் திட்டு புற்றுநோய்க்கு முன்னாடி வர்ற அறிகுறியாகவும் இருக்கலாம், அதைக் கட்டாயம் காட்டணும். தமிழ்நாட்டுல 2013-லயே இதுக்கெல்லாம் தடை போட்டாச்சு. பெட்டிக்கடையில் கேட்டா கிடைக்குதா இல்லையான்னு உங்களுக்கே தெரியும்.

ஒடிஷா, பீகார் பக்கத்துலேருந்து வந்த தொழிலாளர்கள் சிலர்கிட்ட இன்னொரு பழக்கம் உண்டு. குடாக்குன்னு ஒரு பசை, குல்னு ஒரு பொடி. ரெண்டுலயும் புகையிலை. விரல்ல எடுத்துப் பல் தேய்ப்பாங்க. அவங்க மனசுல அது போதை இல்லை, பல் சுத்தம். காலையில் எழுந்ததும் அம்மா கையில் குடுத்த பொருள். பற்பசையிலயும் பற்பொடியிலயும் புகையிலை சேர்க்கக் கூடாதுன்னு 1992-லயே மத்திய அரசு தடை போட்டிருக்கு, ஆனா சட்டம் வந்ததும் பழக்கம் போயிடாதே. "புகையிலை போடுறீங்களா?"ன்னு கேட்டா "இல்லை"ன்னுதான் சொல்வாங்க, பொய் இல்லை, அவங்களைப் பொறுத்தவரை அது உண்மை. அதனால நான் இப்பெல்லாம் "எதை வெச்சுத் தேய்க்கிறீங்க?"ன்னுதான் கேக்கிறேன். உங்க ரூம்மேட் யாராவது இப்படின்னா, கிண்டல் பண்ணாம பேசிப் பாருங்க.

ஈய யூனிட்ல, பேட்டரி வேலையில இருக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு தனி விஷயம். பல்லை ஒட்டின ஈறோட ஓரத்துல நீலமும் கறுப்பும் கலந்த மெல்லிய கோடு தெரியுதான்னு கண்ணாடியில் பாருங்க. 1840-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹென்றி பர்ட்டன்ங்கிற மருத்துவர் இதைக் கவனிச்சு எழுதினார், அதனால பர்ட்டன் கோடுன்னு பேர். உடம்புல ஏறின ஈயம் ரத்தம் வழியா ஈறுக்கு வருது. பல் அழுக்குல இருக்கிற பாக்டீரியா விடுற கந்தகத்தோட சேர்ந்து கறுப்பா படியுது. நல்லா சுத்தம் பண்ணினா கோடு மங்கலாம். ஆனா ரத்தத்துல இருக்கிற ஈயம் பல் தேய்ச்சா குறையாது. அதனால இதைப் பார்த்தா பல் டாக்டரோட நிறுத்தாம, ரத்தத்துல ஈய அளவு பரிசோதனை கேளுங்க. எல்லாருடைய ஈறும் இளஞ்சிவப்பா இருக்காது, நம்மள்ல பல பேருக்குப் பிறவியிலேயே ஈறு கறுப்பு, அது நோய் இல்லை. நான் சொல்றது ஓரத்துல மட்டும் ஓடுற கோடு.

சர்க்கரை நோய்க்கும் ஈறுக்கும் ரெண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் உண்டு. சர்க்கரை கட்டுக்குள்ள இல்லேன்னா ஈறு நோய் வேகமாகும். ஈறு நோய் இருந்தா சர்க்கரை கட்டுக்குள்ள வராது, ஏன்னா வாய்க்குள்ள பல சதுர சென்டிமீட்டர் அளவுக்கு ஆறாத புண் இருக்கிற மாதிரிதான் அது. ஈறுக்கு முறையா சிகிச்சை குடுத்தா மூணு, நாலு மாசத்துல எச்பிஏ1சி சுமார் 0.4 அளவுக்குக் குறையுதுன்னு நிறைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்காங்க. கேக்க சின்ன எண்ணா இருக்கும், ஆனா ஒரு மாத்திரையைக் கூடுதலா சேர்த்தாலும் சில சமயம் அவ்வளவுதான் குறையும். இருபத்தஞ்சு, முப்பது வயசுல ஈறு அடிக்கடி சீழ் வெச்சு வீங்குதுன்னா நான் முதல்ல சர்க்கரை டெஸ்ட்தான் எழுதுவேன். அப்படித்தான் தனக்குச் சர்க்கரை இருக்குன்னே தெரிஞ்சுக்கிட்டவங்க உண்டு.

கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு ஹார்மோன் மாற்றத்தால ஈறு சுலபமா வீங்கும், அந்தச் சமயத்துலயும் சுத்தம் பண்ணிக்கலாம், பயம் வேண்டாம். பிரஷருக்கு அம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடுறவங்க சிலருக்கு ஈறு தடிச்சு வளரும். மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இப்ப தேய்க்கிறது எப்படின்னு வருவோம். விளம்பரத்துல காட்டுற மாதிரி பிரஷ் முழுக்கப் பசையைப் பிதுக்க வேண்டாம், பட்டாணி அளவு போதும். சாஃப்ட் பிரஷ் வாங்குங்க. ஹார்டு பிரஷ் வெச்சு ரம்பம் இழுக்கிற மாதிரி தேய்ச்சா ஈறு இறங்கிடும். பல்லும் ஈறும் சேர்ற இடத்துல பிரஷ்ஷைச் சாய்ச்சு வைங்க, 45 டிகிரின்னு புத்தகத்துல இருக்கும், நார் முனை ஈறு ஓரத்துக்குள்ள லேசா நுழையிற மாதிரின்னு நினைச்சுக்குங்க. அப்படியே வெச்சு சின்னச் சின்னதா அதிர்வு குடுங்க, பிறகு பல் பக்கமா உருட்டி எடுங்க. ரெண்டு நிமிஷம். நாம எல்லாரும் கோட்டை விடுற இடம் கீழ் முன்பல்லோட உள்பக்கம், அதுக்கப்புறம் கடைசிக் கடவாய்ப் பல்லோட பின்பக்கம். பல் இடுக்குல சந்து இருக்கிறவங்களுக்கு இடுக்கு பிரஷ்ஷுன்னு குட்டியா பாட்டில் பிரஷ் மாதிரி மெடிக்கல்ல கிடைக்கும், நூலைவிட அது சுலபம். ஆலங்குச்சி, வேலங்குச்சின்னா எனக்கு விரோதம் இல்லை. முனையை நல்லா மென்னு நாராக்கி, மெதுவா, உள்பக்கமும் சேர்த்துத் தேய்க்கிற பொறுமை இருந்தா சரி. செங்கல் பொடி, சாம்பல் மட்டும் வேண்டாம்.

ராத்திரி படுக்கும் முன்னாடி தேய்க்கணும்னு எல்லாரும் சொல்வாங்க. நைட் ஷிஃப்ட்காரருக்கு ராத்திரி எது? காலையில் ஷிஃப்ட் முடிச்சு, கம்பெனி பஸ்ல ரூமுக்கு வந்து, டிபன் சாப்பிட்டு அப்படியே படுத்துடுவாங்க. மதியம் எழுந்துதான் பிரஷ். தூங்கும்போது எச்சில் சுரக்கிறது குறைஞ்சிடும், பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம் அப்பதான். அதனால கடிகாரத்தைப் பார்க்காதீங்க. உங்க தூக்கம் எப்பவோ அதுக்கு முன்னாடி ஒரு முறை, எழுந்த பிறகு ஒரு முறை. ஆறு பேருக்கு ஒரு பாத்ரூம், கியூ நிக்குதுன்னு சொல்வாங்க. பிரஷ் பண்ண பாத்ரூம் எதுக்கு? மொட்டை மாடியில் ஒரு டம்ளர் தண்ணி போதும்.

ரத்தம் வர்ற இடத்துல இப்படி ஒழுங்கா தேய்ச்சா முதல் சில நாள் ரத்தம் கூடுதலாகூட வரலாம். விடாதீங்க. ஒரு வாரம், பத்து நாள்ல குறையணும். ரெண்டு வாரம் ஆகியும் குறையலைன்னா உள்ள காரை இருக்கு, டாக்டரைப் பாருங்க. தொடாமலே ஈறிலிருந்து ரத்தம் கசியுது, கூட காய்ச்சல் இருக்கு, இல்லை உடம்புல சிவப்புப் புள்ளிகள் இருக்குன்னா அது வேற கதை, டெங்குவா இருக்கலாம், ரத்தத்துல கோளாறா இருக்கலாம், அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

"கிளீனிங் பண்ணினா பல் ஆடும், சந்து விழும்." இதுக்குப் பதில் சொல்லாம எபிசோடை முடிக்க முடியாது. சந்து ஏற்கெனவே இருந்தது, அதைக் காரை அடைச்சுக்கிட்டிருந்தது. ஈறு வீக்கம் வத்தினதும், காரை போனதும் அது வெளிய தெரியுது. சில நாள் குளிர்ந்த தண்ணி கூசும், பிறகு சரியாகும். காரையே பல்லைப் பிடிச்சுக்கிட்டிருந்த நிலைமைக்குப் போயிருந்தா, ஆடுறதுக்குக் காரணம் கிளீனிங் இல்லை, கிளீனிங்குக்கு வராம இருந்த வருஷங்கள். அதே மாதிரி, மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டு வீக்கத்தை அடக்குறது வைத்தியம் இல்லை. பைக்குள்ள இருக்கிற காரையை மாத்திரை எடுக்காது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் நல்லதுதான், ஆனா டாக்டர் சொன்ன ஒண்ணு, ரெண்டு வாரம் மட்டும். மாசக்கணக்கா ஊத்தினா பல் பழுப்பாயிடும், நாக்குல ருசி மாறும். ஆயில் புல்லிங் கேட்டு நிறைய மெசேஜ் வந்திருக்கு. பண்ணுங்க, கெடுதல் இல்லை, ஆனா பிரஷ்ஷுக்குப் பதிலா இல்லை.

ஆழமான பைகள் சுத்தம் பண்ணியும் குறையலைன்னா ஈறைத் திறந்து பார்த்துச் சுத்தம் பண்ற சின்ன ஆபரேஷன் இருக்கு. சில வடிவத்துல கரைஞ்ச எலும்புக்கு எலும்புத்தூள் வைக்கிறதும் உண்டு. ஆனா ஒரு தடவை இந்த நோய் வந்தவங்க மூணு, நாலு மாசத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துக்கணும். இது முடிஞ்சு போற வைத்தியம் இல்லை, பைக் சர்வீஸ் மாதிரி. அந்த ஃபிட்டர் தம்பி மூணாவது தடவை வரலை. வேற கம்பெனிக்கு மாறி ஒரகடம் பக்கம் போயிட்டதா கூட வேலை பார்த்தவர் சொன்னார். அங்க யாரையாவது பார்த்துக்கிட்டிருப்பார்னு நம்புறேன்.

எங்க போறதுன்னு கேக்கிறவங்களுக்கு: சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்துல தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. 1953-ல் ஆரம்பிச்சது. ஈறுக்குத் தனிப் பிரிவே உண்டு. கும்மிடிப்பூண்டி லைன், திருவள்ளூர் லைன் ரெண்டுலேருந்தும் சென்ட்ரல்ல இறங்கினா நடந்தே போயிடலாம், பீச் வரை போற வண்டின்னா அங்கேருந்து அடுத்த ஸ்டேஷன்தான். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள்லயும் படிக்கிற பசங்க, பேராசிரியர் மேற்பார்வையில, குறைஞ்ச செலவுல பண்றாங்க. நேரம் கொஞ்சம் கூட ஆகும், ஆனா பொறுமையா பண்ணுவாங்க. காலையிலேயே போயிடுங்க. சாப்பிட்டுட்டுப் போங்க. சர்க்கரை, பிரஷர் மாத்திரை எதாவது எடுத்துக்கிட்டா அந்த அட்டையைக் கையோட கொண்டு போங்க. சீட்டு எழுதுற இடத்துல "பல்லைப் பிடுங்கணும்"னு சொல்லாதீங்க, "ஈறைக் காட்டணும்"னு சொல்லுங்க.